உதட்டில் மரியாதை

"சீன்யோர்" என்பது இத்தாலிய மரியாதைச் சொல். "மூத்தவர்" என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லில் இருந்து பிறந்தது. நாம் சொல்லும் "சார்" கூட அந்தக் குடும்பம்தான்!

ஷேக்ஸ்பியரின் "வெனிஸ் வணிகன்" நாடகம் 1600-ல் அச்சாயிற்று. அதில், 3,000 பொற்காசு கடன் கேட்டு வருகிறான், வணிகன் அந்தோணியோ. வட்டிக்காரன் ஷைலக் அவனை "சீன்யோர்" என்று மரியாதையோடு அழைக்கிறான். ஆனால், கடன் திரும்பாவிட்டால் உன் உடலில் ஒரு பவுண்டு சதை தரவேண்டும் என்கிறான்!

ஏன் இந்தக் கொடுமை? ஷைலக் யூதன், வட்டி வாங்குகிறவன். அதனால் அவனை "நாய்" என்று ஏசினான், அந்தோணியோ. அவன்மீது துப்பினான். "சீன்யோர்" என்ற மரியாதை ஷைலக்குக்கு மட்டும் இல்லை!

கெஞ்சி வாங்கினாலும், அஞ்சிக் கொடுத்தாலும் அது மரியாதை ஆகாது. எதிரில் நிற்பவனையும் மனிதனாக மதிப்பதே மரியாதை.