121 தோல்விகளும் ஒரு லாபக் கணக்கும்

மு.கு: இது பேஸ்பால் பற்றியது. "நமக்கு கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாதே" என்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஆட்ட விதி ஒன்றும் தெரிய வேண்டாம். தோற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தால் போதும்.

சிகாகோவில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேட்ச் என்றால் இங்கே நமக்கு விடிகாலை ஐந்தரை. அலாரம் வைத்து எழுந்திருப்பேன். பையன் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க எழுந்துவிட்டான் என்று நினைத்து அம்மா காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அந்தக் காபி ஆறுவதற்குள் எங்கள் அணி நான்கு ரன் பின்தங்கியிருக்கும். 2024-ம் வருடம் முழுக்க இப்படித்தான் போனது. பொய் சொல்லி வாங்கிக் குடித்த காபிக்கு அதுவே தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணி சிகாகோ வைட் சாக்ஸ். "எங்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். சித்தப்பா அங்கே வேலை பார்த்தபோது ஒரு கறுப்புத் தொப்பி அனுப்பினார். அது வைட் சாக்ஸ் தொப்பி என்பதே பல வருடம் எனக்குத் தெரியாது. ஐ.பி.எல். தள்ளிப்போன 2020 லாக்டவுனில்தான் தொப்பியில் இருப்பது என்ன என்று தேடிப் பார்த்து, பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். நான் சேர்ந்த நேரம் அணி நன்றாக ஆடியது. 2020-ல் பிளே-ஆஃப் போனது. 2021-ல் 93 மேட்ச் ஜெயித்து தன் பிரிவில் முதலிடம். அணியின் நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரத்தில் அடுத்தடுத்து இரண்டு வருடம் பிளே-ஆஃப் போனது அதுதான் முதல் தடவை. சரியான இடத்தில்தான் முதலீடு செய்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். ஹ்ம்ம்.

பிறகு வந்ததைப் பாருங்கள். 2022-ல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்வி. 2024-ல் 121 தோல்வி.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இந்த 121 எவ்வளவு பெரிய கொடுமை என்று விளக்க வேண்டும். ஒரு சீசனுக்கு 162 மேட்ச். இதில் எல்லோரும் தோற்பார்கள். 2024-ல் கோப்பையை வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸே அந்த சீசனில் 64 மேட்ச் தோற்றது. நூறு தோற்றாலே ஊர் சிரிக்கும். 121 என்றால் நான்கு மேட்சில் மூன்று தோல்வி, ஆறு மாதம் விடாமல். 1901-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. அதற்கு முன்பு அந்தச் "சாதனை" 1962 நியூயார்க் மெட்ஸிடம் இருந்தது, 120 தோல்வி. ஆனால் மெட்ஸ் அப்போதுதான் பிறந்த அணி, அதுதான் அவர்களின் முதல் சீசன். எங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

முதல் 25 மேட்சில் 3 வெற்றி. அப்புறம் தொடர்ந்து 14 தோல்வி. அது போதாதென்று ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி. அந்த நாட்களில் ஒருமுறை வீட்டில் கரண்ட் போனது. நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

சரி, மேட்டருக்கு வருகிறேன். நான் தோல்வியைப் பற்றி அழ வரவில்லை. ஆட்டம் என்றால் ஒருவன் தோற்கத்தான் வேண்டும். இந்த 121 தோல்வியும் யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. பி.காம். மாணவனுக்கு வேறென்ன கேள்வி வரும்?

வீரர்கள் கணக்கிலா? அவர்களுக்கு ஸ்கோர்போர்டு தண்டனை கொடுத்துவிட்டது. பாதிப் பேருக்கு அந்த லெவலில் ஆடிய அனுபவமே குறைவு. அவர்களை மைதானத்தில் இறக்கியது அவர்கள் இல்லை. மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல்? 21 தோல்வித் தொடர் முடிந்த இரண்டாம் நாளே வேலை போனது. சரி, அணியின் சொந்தக்காரர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப்?

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்ம துறைக்காரர்! வரித்துறையில் வக்கீலாக ஆரம்பித்து, ரியல் எஸ்டேட் முதலீட்டில் பெரிய ஆளானவர். 1981-ல் இவர் தலைமையில் ஒரு குழு சுமார் 2 கோடி டாலருக்கு வைட் சாக்ஸை வாங்கியது. மைக்கேல் ஜோர்டன் ஆடிய சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியும் இவர் கையில்தான். இவர் காலத்தில் வைட் சாக்ஸ் பிளே-ஆஃப் போனது ஏழே தடவை. அதில் 2005-ல் கோப்பை, 88 வருடத்துக்குப் பிறகு கிடைத்த கோப்பை, அதை மறுக்கவில்லை. (அப்போது எனக்கு ஒரு வயது. பார்த்த ஞாபகம் இல்லை.) மற்ற ஆறு தடவையும் முதலில் மோதிய அணியிடமே தோற்று வீட்டுக்கு வந்தாயிற்று.

121 தோல்வி வந்த வருடம் இந்த அணியின் சந்தை மதிப்பு என்ன தெரியுமா? ஃபோர்ப்ஸ் போட்ட கணக்கில் சுமார் 200 கோடி டாலர். வாங்கிய விலையைப் போல நூறு மடங்கு! சரித்திரத்திலேயே மோசமாக ஆடிய கம்பெனியின் சொத்து மதிப்பு இது. எந்த மளிகைக் கடைக்காரருக்கு இந்த வரம் கிடைக்கும்? தெருமுனைக் கடையில் மூன்று நாள் புழுத்த அரிசி போட்டால் நான்காவது நாள் எதிர்க்கடைக்குக் கூட்டம் போய்விடும். இங்கே எதிர்க்கடையே திறக்க முடியாது. அமெரிக்க பேஸ்பாலில் 30 அணிகள். 31-வது அணி வேண்டுமென்றால் அந்த 30 சொந்தக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். சொந்தக்காரருக்கு உயிர் போகும். இங்கே அதுவும் கிடையாது. 162-லும் தோற்றாலும் அடுத்த வருடம் இடம் பத்திரம்.

பணமும் அப்படியே. நாடு முழுவதற்குமான டி.வி. ஒப்பந்தப் பணம் எல்லா அணிக்கும் சமமாகப் பிரியும். 2022 ஒப்பந்தப்படி ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, அதையும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சிகாகோ பெரிய ஊர் என்பதால் வைட் சாக்ஸ் அதில் வாங்கும் பக்கம் இல்லை, கொடுக்கும் பக்கம். நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதுவே இன்னும் பெரிய வெட்கக்கேடு இல்லையா? "நாங்கள் ஏழை அணி" என்று சொல்லவும் வழியில்லை! இந்த அணி 2024 வரை ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தமே 7.5 கோடி டாலர்தான். பக்கத்து கான்சாஸ் சிட்டி சின்ன ஊர். அவர்கள் 2024 பிப்ரவரியில் பாபி விட் ஜூனியர் என்ற ஒரே பையனுக்கு 28 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தக் கான்சாஸ் சிட்டியைச் சும்மா இழுக்கவில்லை. "பொறுமையா இருப்பா, அணியை அஸ்திவாரத்திலிருந்து கட்டுறாங்க, நாலஞ்சு வருஷம் ஆகும்" என்று புத்தி சொல்பவர்களுக்காகத்தான் சொல்கிறேன். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2023-ல் 106 மேட்ச் தோற்றது. எங்களைவிட மோசம். 2024-ல் 86 ஜெயித்து பிளே-ஆஃப் போனது. ஒரே வருடம்! அதே பிரிவு, எங்களைவிடச் சின்ன ஊர்.

இன்னொன்று. அந்த அஸ்திவாரக் கதையை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, பில்லும் கட்டிவிட்டோம். 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற அருமையான பந்துவீச்சாளரை விற்றுவிட்டு, "இளைஞர்களை வளர்க்கிறோம், பொறுத்திருங்கள்" என்றார்கள். 2017-ல் 95 தோல்வி, 2018-ல் 100, 2019-ல் 89. ரசிகர்கள் பொறுத்தார்கள். 2020-ல் பலன் வந்தது. உடனே என்ன செய்தார் முதலாளி? பிளே-ஆஃப் வரை கொண்டுவந்த மேனேஜரை அனுப்பிவிட்டு, 2011-க்குப் பிறகு மேனேஜர் வேலையே பார்க்காத 76 வயது டோனி லா ரூஸாவைக் கூட்டிவந்தார். லா ரூஸா பெரிய ஜாம்பவான்தான். ஆனால் 1986-ல் அவரை வேலையிலிருந்து எடுத்தது ரைன்ஸ்டார்ஃபுக்குப் பல வருடமாக மனதை உறுத்திக்கொண்டிருந்த விஷயம். முதலாளியின் பாவ மன்னிப்புக்கு எங்கள் அணி காணிக்கை!

2023-ல் நிர்வாகத்தில் இருந்த இருவரை நீக்கினார். நல்லது என்று நினைத்தோம். பத்து நாளில் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். வெளியிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஒரு வருடம் வீணாகும், ரசிகர்களுக்குச் சீக்கிரம் நல்ல அணி தர வேண்டும் என்று காரணம் சொன்னார். அடுத்த வருடம் 121. சீக்கிரம்தான், மறுக்க முடியாது.

இதில் என் வயிற்றெரிச்சலின் உச்சம் எது என்றால், அதே 2024-ல் ஊருக்குள் புது ஸ்டேடியம் கட்ட அரசுப் பணம் வேண்டும் என்று போய் நின்றதுதான். கேட்டது சுமார் 100 கோடி டாலர் என்று செய்தி வந்தது. இது முதல் தடவையும் இல்லை. 1988-ல் ஸ்டேடியம் கட்டித் தராவிட்டால் அணியை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று மிரட்டி, இல்லினாய் சட்டசபையில் கெடு நேரம் தாண்டாமல் இருக்கக் கடிகாரத்தை நிறுத்திவைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள். அப்படி மக்கள் பணத்தில் வந்ததுதான் 1991-ல் திறந்த இப்போதைய மைதானம். லாபம் வந்தால் தனியார் கம்பெனி, செலவு வந்தால் பொதுச் சொத்து. எந்த அக்கவுண்டிங் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கிறது?

இந்த அணிக்கு ஒரு பழைய கறை உண்டு. 1919 உலகத் தொடரில் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டு வைட் சாக்ஸ் வீரர்கள் மீது குற்றச்சாட்டு. 1921-ல் ஜூரி விடுதலை செய்த பிறகும், கமிஷனர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார். அந்தத் தடை நீங்கியது 2025 மே மாதம். அதற்குள் எல்லோரும் செத்து மண்ணாகிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு தொடரில் தோற்றால் சாகும்வரை தண்டனை. நியாயம்தான். தோற்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த அணியை ஆறு மாதம் இறக்கி, அதற்கு டிக்கெட்டும் விற்றால்? ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு தண்டனை வந்தது, அதுவும் எங்களுக்குத்தான். மோசமான அணிகளுக்கு அடுத்த வருடம் புது வீரர்களைத் தேர்வு செய்வதில் முன்னுரிமை உண்டு. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: வருமானப் பங்கீட்டில் கொடுக்கும் பக்கம் இருக்கும் அணி அடுத்தடுத்த வருடங்களில் அந்த முன்வரிசைக் குலுக்கலில் இடம்பெற முடியாது. அதனால் 121 தோற்ற அணிக்கு 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம். முதலாளியைத் திருத்த வைத்த விதி ரசிகன் தலையில் விடிந்தது.

"தோற்கும்போதும் கூட நிற்பவன்தான் உண்மையான ரசிகன்" என்று ஒரு வசனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள். அக்கவுண்டிங்கில் குட்வில் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் சேர்த்து விலை போடுவார்கள். வைட் சாக்ஸின் 200 கோடியில் பெரும்பகுதி என்ன? அப்பா மகனைக் கூட்டிப்போய், மகன் தன் மகனைக் கூட்டிப்போய், நூறு வருடம் சேர்த்த பாசம். அந்தப் பாசத்தைப் போட்டது ரசிகன். விற்கும்போது எடுத்துக்கொள்ளப்போவது முதலாளி. 2025-ல் போட்ட ஒப்பந்தப்படி ஜஸ்டின் இஷ்பியா என்பவருக்கு அணி கைமாற வழி பிறந்திருக்கிறது. ஆனால் 2029-க்கு முன்னால் இல்லை, 2033 வரை விற்பதா வேண்டாமா என்ற முடிவும் ரைன்ஸ்டார்ஃப் கையில்தான். முதல் போட்டவனுக்கு ஓட்டும் கிடையாது, பங்கும் கிடையாது, பொறுமை மட்டும் வேண்டும்!

அதனால் நான் சொல்வது இதுதான். அன்பை நிறுத்த வேண்டாம், காசை நிறுத்துங்கள். இரண்டும் வேறு வேறு. சிகாகோக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கோப்பைக்கு அடுத்த 2006-ல் மைதானத்துக்கு வந்தது 29 லட்சத்துக்கும் மேல். 2024-ல் அதில் பாதிகூட இல்லை. செப்டம்பரில் 120 தோல்வியோடு அணி ஊர் திரும்பியபோது, வந்திருந்த கொஞ்சம் பேரும் "அணியை விற்றுவிடு" என்று கோஷம் போட்டார்கள். அவர்களைத் துரோகி என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்தான் உண்மையான ரசிகர்கள். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஊர்த் தொடரில் மூன்று மேட்சையும் ஜெயித்தார்கள் பசங்க. 121-வது தோல்வி செப்டம்பர் 27, டெட்ராய்ட்டில்.

2025-ல் சிகாகோக்காரரான போப் பதினான்காம் லியோ வந்தார். அவர் வைட் சாக்ஸ் ரசிகர், 2005 இறுதித் தொடரை மைதானத்தில் போய்ப் பார்த்தவர். இனி மேலிடத்து சிபாரிசு இருக்கிறது என்று நம்பினேன். 60 வெற்றி, 102 தோல்வி. தொடர்ந்து மூன்றாவது வருடமாக நூறுக்கு மேல். ஆண்டவனே பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்குப் புத்தகம் அதே ஆள் கையில்தானே இருக்கிறது.

சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டேன். ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன். இப்போதும் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன், காபியும் வருகிறது. தொப்பி ஆணியில் அப்படியே தொங்குகிறது. அது சித்தப்பா காசில் வாங்கியது, ரைன்ஸ்டார்ஃப் தந்ததில்லை. அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

டிஸ்கி: அம்மாவிடம் யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம். காஸ்ட் அக்கவுண்டிங் பாஸ் ஆகிவிட்டேன் :-)