அறைக்குள்ளே ஒரு மலைச்சாரல்

வீட்டில் ஒருவர் நோயாகப் படுத்துவிட்டால், வீட்டு எஜமானிக்கு வாசற்படிதான் உலகத்தின் எல்லை. மருந்து வேளை, கஞ்சி வேளை, வெந்நீர் வேளை என்று பொழுது துண்டு துண்டாகிவிடும். நடுவே கிடைக்கிற அரை மணியை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து உட்கார்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்குமே! அவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு பாட்டியம்மாளை அறிமுகப்படுத்துகிறேன்.

ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவைச் சேர்ந்த கோன்சா கார்ஸியா ஸாயெரா என்ற அம்மாள், வயதான காலத்தில் தைல வர்ணச் சித்திரம் கற்றுக்கொண்டார். கணவர் நோய்வாய்ப்பட்டார். வெளியே போவது அரிதாயிற்று. தூரிகை, வர்ணம், தைலம் என்று வீட்டிலே கடை பரப்பவும் முடியாது அல்லவா? பிள்ளைகள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் இருந்தது, குழந்தைகள் கிறுக்கி விளையாடுகிற ‘பெயிண்ட்’. அதைக் கொண்டே மலைகளும் ஏரிகளும் பூந்தோட்டங்களும் வரையத் தொடங்கினார். முன்பு கணவர் தமக்கு அனுப்பிய படத் தபால் அட்டைகளே அவருக்கு மாதிரி. சில படங்களுக்கு இரண்டு வாரம் பிடித்ததாம். 2018-ல் உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோது, அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது!

இந்தப் பெயிண்ட் 1985-ல் முதல் விண்டோஸுடன் வந்தது. 2017-ல், இனி இதை வளர்க்கப்போவதில்லை என்று அறிவிப்பு வந்ததும் உலகெங்கும் ஒரே கூக்குரல்! “எங்கும் போகாது” என்று கம்பெனி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. எளிய சாமானுக்கும் எத்தனை உறவினர்கள், பார்த்தீர்களா?

சரி, நாமும் ஒரு மலைக்காட்சி வரைவோமா? முதலில், வளைகோட்டுக் கருவியை எடுத்துத் தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இழுங்கள். பிறகு நடுவே பிடித்து இழுத்தால் கோடு வளைந்து கொடுக்கும். அதுதான் மலை முகடு. மேலே வானத்துக்கு வெளிர் நீலம், கீழே மலைக்குச் சற்று அடர்ந்த சாம்பல் நீலம் என்று வர்ண வாளியால் ஊற்றிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் நாள் நான் இழுத்த கோட்டில் கடுகளவு இடைவெளி விட்டுவிட்டேன். பச்சையை ஊற்றினேனோ இல்லையோ, மலையும் பச்சை, வானமும் பச்சை! ஓட்டைப் பாத்திரத்தில் ரசம் வைத்த கதைதான். பயப்படாதீர்கள், கண்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், கொட்டியது திரும்பி வந்துவிடும். சமையலறையில் அந்தச் சௌகரியம் ஏது!

அடுத்து, முதல் மலையின் குறுக்கே தாழ்வாக இன்னொரு முகடு. அதற்கு இன்னும் அடர்ந்த வர்ணம். அதற்கும் கீழே மூன்றாவது. இது நல்ல கரும் பச்சை. தூரத்து மலை நமக்கும் அதற்கும் இடையே உள்ள காற்றினால் வெளுத்து, நீலம் பாரித்துத் தெரியும். கிட்டத்து மலை தன் நிறத்திலேயே தெரியும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் தட்டையான படத்துக்கும் ஆழம் வந்துவிடும். மரத்துக்குத் தெளிக்கும் தூரிகை இருக்கிறது. முதலில் கரும் பச்சையைத் தெளித்து, வெயில் படும் பக்கம் மட்டும் இளம் பச்சையைத் தூவுங்கள். ஏரி வேண்டுமா? மலையைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டி, அதைத் தலைகீழாகப் புரட்டிக் கீழே நகர்த்துங்கள். தண்ணீரில் நிழல் ஆடும். படத்தைச் சேமிக்கும்போது பி.என்.ஜி. என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக்கில் வர்ண ஓரங்கள் மங்கிப் போகும்.

“கண் சரியாகத் தெரியவில்லையே” என்று யாராவது சொன்னால், அமெரிக்காவின் ஹால் லாஸ்கோவைச் சொல்லுங்கள். எழுத்துருக்களும் சித்திரங்களும் வரைந்தே ஜீவனம் செய்தவர். முதுமையில் விழித்திரை பழுதாகிப் பார்வை குறைந்தது. பெயிண்டில் உருப்பெருக்கி வைத்து, ஒவ்வொரு புள்ளியாக நிறமிட்டார். 2014-ல், 98 வயதில் காலமானார்.

படம் வரைந்தால் படுத்திருப்பவரின் நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்து வேளை வந்தால் மவுஸை வைத்துவிட்டு எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது, விட்ட இடத்தில் உங்கள் மலை அப்படியே காத்திருக்கும். வர்ணம் காய்ந்து போகாது. தூரிகை கழுவும் வேலையும் இல்லை. நாளெல்லாம் பிறருக்காகக் கழியும் பொழுதில், அந்த அரை மணி உங்களுடையது.

முடிந்ததும் படுத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்கும் அந்த அறைக்குள் ஒரு மலைச்சாரல் தெரியட்டுமே!