ஞாயிறு ட்ராக், திங்கள் ஆபீஸ்... உங்க பைக்குக்கு எந்த டயர் பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து பைக்குகள் வரிசையா போயிட்டிருக்கு. எல்லாருக்கும் ரைடிங் ஜாக்கெட், முதுகுல பை, உள்ளே தண்ணி பாட்டில். போற இடம், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். இன்னைக்கு அங்கே ‘ட்ராக் டே’. பணம் கட்டினா, நம்ம பைக்கையே ரேஸ் ட்ராக்ல ஓட்டலாம்.

பகல் முழுக்க வெயில், வேகம், செல்ஃபி. சாயங்காலம் நாலரை மணிக்கு வானம் இருட்டுது. பூந்தமல்லி தாண்டுறதுக்குள்ள மழை பிடிச்சுக்குது. முன்னாடி போன லாரி சட்டுனு பிரேக் அடிக்குது...

காலையில ட்ராக்ல பைக்கை முட்டி உரசுற அளவுக்குச் சாய்க்க உதவின அதே டயர்தான், இப்போ உங்களை லாரிக்குப் பின்னாடி நிறுத்தியாகணும். நிறுத்துமா?

பெர்ஃபாமன்ஸ் டயர் வாங்கப் போற யாரும் கடைக்காரர்கிட்ட இந்தக் கேள்வியைக் கேக்கறதில்ல. “எது செம்ம கிரிப்ணா?” - இதோட விட்டுடறோம்.

ஏன் இப்போ டயர் பேச்சு?

மோட்டார் ஸ்போர்ட்ஸ் மேல தமிழ்நாட்டுல ஒரு புது ஆர்வம் வந்திருக்கு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகள்ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி இரவு நேர கார் ரேஸ் நடந்துச்சு. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் அணி 991 பிரிவுல மூன்றாம் இடம் பிடிச்சதை ஊரே கொண்டாடுச்சு. ‘நாமும் ஒரு நாள் ட்ராக்ல ஓட்டணும்’கிற ஆசை வர்றது இயல்புதானே?

அதுக்கான இடமும் இங்கேயே இருக்கு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-லிருந்து இயங்குது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே.

அடுத்து, விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமா குறைஞ்சது. வரிக்கு முன்னாடி 10,000 ரூபாய் விலையுள்ள ஒரு செட் டயர், 12,800-லிருந்து 11,800 ரூபாய்க்கு இறங்கும்.

மூணாவது காரணம் பலருக்குத் தெரியாது. 2020 ஜூன்ல வெளிநாட்டு டயர் இறக்குமதியை மத்திய அரசு ‘கட்டுப்படுத்தப்பட்ட’ பட்டியலுக்கு மாத்துச்சு. நினைச்ச நேரத்துல இறக்குமதி பண்ண முடியாது, உரிமம் வேணும். இந்த இடைவெளியில எம்.ஆர்.எஃப், அப்போலோ, சியட், டி.வி.எஸ் யூரோகிரிப்னு உள்நாட்டு கம்பெனிகளும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கான ரேடியல் டயர்கள்ல இறங்கிட்டாங்க.

ஆக ஆசை, இடம், விலை, சாய்ஸ் எல்லாம் ஒண்ணா வந்துருச்சு. தப்பான டயரை வாங்குற வாய்ப்பும் கூடவே வந்துருச்சு.

சூடு ஏறினாதான் பிடிக்கும்!

டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தொட்டுக்கிட்டு இருக்கிற இடம், பைக்ல உங்க உள்ளங்கை அளவுகூட கிடையாது. உங்க எடை, வேகம், பிரேக் எல்லாத்தையும் அந்தச் சின்ன இடம்தான் தாங்குது.

அந்த இடத்துல ரப்பர் ரெண்டு வேலை பாக்குது. ஒண்ணு, ரோட்டோட சொரசொரப்புக்குள்ள இறங்கிக் கவ்வுறது. இன்னொண்ணு, தார்ப் பரப்போட ஒட்டிக்கிறது. ரெண்டுக்கும் ரப்பர் இளகியிருக்கணும். இளகுறதுக்குச் சூடு வேணும். எவ்வளவு சூடுங்கிறதுலதான் ரோடு டயரும் ட்ராக் டயரும் பிரியுது.

முழு ரேஸ் ‘ஸ்லிக்’ டயர் 80, 90 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாதான் முழுசா வேலை செய்யும். அதனாலதான் ரேஸுக்கு முன்னாடி டயருக்குப் போர்வை மாதிரி ஹீட்டர் சுத்தி வைக்கிறாங்க. ட்ராக்ல ஒவ்வொரு வளைவிலும் பிரேக், சாய்வு, ஆக்ஸிலரேட்டர்னு டயரைப் பிழியறதால அந்தச் சூடு இறங்காம நிக்குது.

கிண்டி சிக்னல்ல நிக்கும்போது அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

“சென்னை வெயிலே போதும் ப்ரோ!”னு ஒரு வாதம் உண்டு. பாதி உண்மைதான். மே மாசத்து ரோடு டயரைக் கொஞ்சம் சூடாக்கும். ஆனா மழை விழுந்த அடுத்த சில நிமிஷத்துல அந்தச் சூடு போயிடும். சூட்டுக்குன்னே செஞ்ச ரப்பர் அப்போ கெட்டியாகிடும்.

ரோடு டயர்ல இதுக்கு வேற வழி வச்சிருக்காங்க. ரப்பர் கலவையில சிலிக்கா அதிகம் சேர்த்தா, குறைஞ்ச சூட்டிலும் ஈரத்திலும் பிடிப்பு கிடைக்கும். தண்ணியை வெளியே தள்ள பள்ளங்கள், அதாவது ட்ரெட் இருக்கும். நேரா ஓடியே தேயுற நடுப்பகுதிக்குக் கடினமான ரப்பர், வளைவுல தொடுற ஓரங்களுக்கு மிருதுவான ரப்பர்னு ‘டூயல் காம்பவுண்டு’ டயர்களும் கிடைக்குது.

ஒரு பேப்பர் கணக்கு

80 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. காய்ஞ்ச ரோட்ல நல்ல பிடிப்பு இருந்தா, பிரேக் பிடிச்சதிலிருந்து சுமார் 31 மீட்டர்ல நிக்கலாம். அந்தப் பிடிப்பு பாதியா குறைஞ்சா? சுமார் 63 மீட்டர். அதாவது இன்னும் மூணு பஸ் நீளம். நீங்க சுதாரிச்சுக்கிற நேரத்துல ஓடுற தூரம் இந்தக் கணக்குல சேரலை.

“என் பைக்ல ஏ.பி.எஸ் இருக்கே?” இருக்கட்டும். ஏ.பி.எஸ் வீல் பூட்டிக்காம பாத்துக்கும். ஆனா, இருக்கிற பிடிப்பைத்தான் அதால பயன்படுத்த முடியும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்கணும். ஈர ரோட்ல இவ்வளவு பிடிப்பு இருந்தே ஆகணும்னு மத்திய அரசு 2022-ல விதி கொண்டு வந்துச்சு. ஆனா அது கார், பஸ், லாரி டயர்களுக்குத்தான். மழையில அதிகம் வழுக்கி விழுற டூவீலர்காரர், டயரைத் தானேதான் பாத்து வாங்கணும்.

நாலு வகை, நாலு குணம்

கடையில ‘பெர்ஃபாமன்ஸ்’னு ஒரே பேர்ல வித்தாலும் உள்ளே நாலு வகை இருக்கு.

1. ஸ்போர்ட் டூரிங்: நிறைய பள்ளங்கள், சீக்கிரம் சூடாகும், நாள்பட உழைக்கும். மழைக்கு ராஜா. மிச்செலின் ‘ரோடு’ வரிசை இந்த ரகம்.

2. ஸ்போர்ட்: கொஞ்சம் மிருது, பள்ளங்கள் குறைவு. ரோட்டுக்கும் எப்போதாவது ட்ராக்குக்கும் நடுநிலை. பிரெல்லி ‘டியாப்லோ ரோஸோ’ வரிசை உதாரணம்.

3. ரோட்டுக்கு அனுமதி உள்ள ட்ராக் டயர்: பேருக்குச் சில பள்ளங்கள். சூடான, காய்ஞ்ச தார்ல பிரமாதம். குளிர்ல, மழையில பயம் காட்டும். சீக்கிரம் தேயும். ‘டியாப்லோ சூப்பர்கோர்சா’ இந்த வகை.

4. ஸ்லிக்: பள்ளமே கிடையாது. ட்ராக்குக்கு மட்டும். ரோட்ல ஓட்டுறது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து.

ரேஸ்ல ஓடித் தேஞ்ச பழைய ஸ்லிக்கை யாராவது பாதி விலைக்குத் தர்றேன்னா, வேணாம்னு சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவை நல்லா சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகுது. பாக்க டயர் நல்லா இருக்கும், பிடிப்பு இருக்காது.

‘அகலமா போட்டா கெத்து’ - நிஜமா?

150-சிசி பைக்ல பின்னாடி 140 அளவு டயரைக் கழட்டிட்டு 160 போடுற ஆசை நிறைய பேருக்கு உண்டு. ரிம் அகலம் மாறாம டயர் மட்டும் பெருத்தா, ரெண்டு ஓரமும் உள்பக்கம் இழுபட்டு நடுப்பகுதி கூம்பி நிக்கும். நேரா போகும்போது ரோட்டைத் தொடுற பரப்பு நீங்க நினைச்ச மாதிரி கூடாது. பைக் வளைவுல மந்தமா திரும்பும். எடையும் கூடும், மைலேஜும் குறையும். கம்பெனி சொன்ன அளவுலயே நல்ல ரப்பர் போடுறதுதான் உண்மையான அப்கிரேடு.

காத்து விஷயத்துல கோட்டை விடாதீங்க

இருங்காட்டுக்கோட்டைக்குப் போறவங்க பலர் மறக்குறது இதைத்தான். சூடானா டயருக்குள்ள காத்து விரியும். 30 டிகிரியில 28 பி.எஸ்.ஐ இருக்கிற டயர், உள்ளே 80 டிகிரி ஆச்சுனா சுமார் 35 பி.எஸ்.ஐ-க்குப் போயிடும். அதனாலதான் ட்ராக்ல இறங்கும் முன்னாடி காத்தைக் கொஞ்சம் குறைக்கிறாங்க. எவ்வளவுங்கிறது டயருக்கு டயர் மாறும். டயர் கம்பெனி சொல்றதையும் அங்கிருக்கிற பயிற்சியாளர் சொல்றதையும் கேளுங்க.

சிக்கல் சாயங்காலம்தான். குறைச்ச காத்தைத் திரும்ப அடிக்காமலே வீட்டுக்குக் கிளம்புவோம். வழியில டயர் ஆறும், காத்தழுத்தம் இன்னும் இறங்கும். அப்போ ஒரு பள்ளத்துல விழுந்தா ரிம் நெளியும், டயரோட பக்கவாட்டுச் சுவர் அடிபடும். சில நூறு ரூபாய்ல கிடைக்கிற ப்ரெஷர் மீட்டரும், ஒரு சின்ன பம்பும் பையில இருக்கட்டும்.

சரி, நான் எதை வாங்க?

டயரை உங்க வேகமான நாளுக்காக வாங்காதீங்க, மோசமான நாளுக்காக வாங்குங்க. வருஷத்துல ரெண்டு நாள் ட்ராக்ல ஓட்டுறீங்கனா, மிச்ச 363 நாள் ஆபீஸ், காலேஜ், பால் பாக்கெட், அக்டோபர் மழை. டயர் அந்த 363 நாளுக்குப் பொருந்தணும்.

* தினமும் ஓட்டுற பைக், ட்ராக் எப்போதாவதுதான்: ஸ்போர்ட் டூரிங் அல்லது டூயல் காம்பவுண்டு ரேடியல். முதல் ட்ராக் டேக்குக் கம்பெனி டயர் நல்ல நிலையில இருந்தாலே போதும். டயரோட எல்லையைத் தொடுறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம திறமையோட எல்லை வந்துடும். மிச்சப்படுற பணத்தைப் பயிற்சிக்குக் கட்டுங்க.

* மாசத்துக்கு ஒரு தடவை ட்ராக்: ஸ்போர்ட் வகை. மழைக்காலத்துக்கு முன்னாடி ட்ரெட் ஆழத்தைப் பாருங்க.

* லேப் டைம் குறைக்கிறதுதான் லட்சியம்: தனி வீல் செட் வாங்கி அதுல ட்ராக் டயர் போடுங்க. இல்லைனா, ட்ராக்குக்குன்னே ஒரு பழைய பைக் வச்சு வேன்ல ஏத்திட்டுப் போங்க. கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இந்த ரெண்டாவது ரிம் செட்தான் நல்ல வழி.

கடையில நிக்கும்போது டயரோட பக்கவாட்டைப் படிங்க. நாலு இலக்க எண் தயாரிச்ச வாரமும் வருஷமும். 2325-னா, 2025-ன் 23-வது வாரம். அளவுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்து வேக வரம்பு. ‘எஸ்’னா 180, ‘ஹெச்’னா 210, ‘வி’னா 240 கிலோமீட்டர். கம்பெனி போட்டதைவிடக் குறைஞ்ச எழுத்து வேண்டாம். கார் டயர்ல ‘ட்ரெட்வேர்’னு ஒரு எண் இருக்கலாம். அது கூடக் கூட டயர் அதிகம் உழைக்கும். பிடிப்பு பெரும்பாலும் குறையும். முக்கியமா, புது டயர்ல முதல் 100 கிலோமீட்டர் நிதானமா போங்க. மேல்பரப்பு வழவழன்னு இருக்கும்.

ட்ராக் இருக்கிறது எதுக்கு?

நல்ல டயர் மாட்டின அன்னைக்கே ஈ.சி.ஆர்-ல சோதிச்சுப் பாக்கிற ஆசைதான் பெரிய ஆபத்து. பொது ரோட்ல ரேஸ் விட்டா, மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி மூணு மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைனா ரெண்டுமே. மறுபடி மாட்டினா ஒரு வருஷம் வரை சிறை. அதைவிடப் பெரிய விஷயம், ட்ராக்ல எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, விழுந்தா ஆம்புலன்ஸ் பக்கத்துலயே நிக்கும். ஈ.சி.ஆர்-ல இது எதுவும் கிடையாது. நீங்க எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டிருக்கீங்கனு ரோட்டைக் கடக்கிற பாட்டிக்குத் தெரியவும் தெரியாது.

ஜி.எஸ்.டி-ல மிச்சமான அந்த ஆயிரம் ரூபாய்க்கு அகலமான டயர் தேடாதீங்க. ப்ரெஷர் மீட்டர் வாங்குங்க. பின் டயரை மட்டும் பளபளன்னு மாத்திட்டு, தேஞ்ச முன் டயரோட ஓட்டுறவரா இருந்தா, அதை மாத்த அந்தக் காசைச் சேருங்க. பிரேக் பிடிக்கும்போது பைக்கோட எடை முன்னாடிதான் சாயும். பூந்தமல்லி மழையில லாரிக்குப் பின்னாடி உங்களை நிறுத்தப்போறது பெரும்பாலும் அந்த முன் டயர்தான்.