ஜித்தாவுக்கு ஆறரை மணித்தியாலம், கட்டுநாயக்கவுக்கு எட்டு!



உம்றாவுக்குப் போகிறவர்களிடம் "எவ்வளவு நேரப் பயணம்?" என்று கேட்டால், "ஆறு, ஆறரை மணித்தியாலம்தானே" என்பார்கள். கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழியே சுமார் 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் என்றால் அந்தக் கணக்குச் சரிதான். ஆனால் நாம் குடியிருப்பது கல்முனையில்!

முழுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று கட்டுநாயக்க போய்ச் சேர 300 கிலோமீற்றருக்கு மேல். தொழுகைக்கும் தேநீருக்கும் நிறுத்திப் போனால் எட்டு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று. வானத்தில் ஆறரை. ஜித்தாவில் குடிவரவு வரிசை, பொதிகள், பஸ் என்று இரண்டரை. அங்கிருந்து மக்காவுக்கு ஒன்றரை. மொத்தம் 21 மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. இடையில் டோஹாவிலோ டுபாயிலோ விமானம் மாறினால் இன்னும் கூடும்.

டிக்கெட்டைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். புறப்படும் நேரம் நம்முடைய நேரம், இறங்கும் நேரம் சவூதி நேரம். அவர்கள் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தி. பகல் 1 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கினால் அது நான்கு மணித்தியாலப் பயணமல்ல, ஆறரை. இன்சுலின் போடும் உம்மா, வாப்பாமாரைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த உண்மையான நேரத்தைச் சொல்லி டொக்டரிடம் ஆலோசனை கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்த முதல் எட்டு மணித்தியாலம்தான். விமானத்தில் விமானிக்கு ஓய்வு நேரம் சட்டப்படி உண்டு. நமது வேன் சாரதிக்கு? பகல் முழுக்க ஹயர் ஓடியவரை இஷாவுக்குப் பிறகு ஏற்றிக்கொண்டு, யானை குறுக்கிடும் ஹபரணைப் பாதையில் விடிய விடிய ஓட வைக்கிறோம். நம்மை இறக்கியதும் அப்படியே ஊருக்குத் திரும்புகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"முதல் நாளே போய்த் தங்கினால் செலவு" என்பீர்கள். வழியனுப்ப இரண்டாவது வேன் ஒன்று பிடிக்கிறோமே, அந்தக் காசு ஓர் இரவு தங்கப் போதாதா? ஸலாமையும் துஆவையும் ஊரிலேயே பரிமாறிக்கொள்ளலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலும் இருக்கிறது. வேன்தான் வேண்டுமென்றால் இரண்டு சாரதிகளைக் கேளுங்கள், அல்லது ஸுபஹுக்குப் பிறகு வெளிக்கிடுங்கள்.

உம்றா முகவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நோட்டீஸில் ஹோட்டல் ஹரத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று பெரிதாகப் போடுகிறீர்கள். வீட்டு வாசலிலிருந்து அந்த ஹோட்டல் வரை எத்தனை மணித்தியாலம் என்பதையும் போடுங்கள். வயதானவர்கள் அதைப் பார்த்துத் தயாராகட்டும்.

இந்த மாதம் பயணம் இருக்கிறவர்கள் டிக்கெட்டைச் சரிபார்க்கும்போது, சாரதி முந்திய இரவு தூங்கினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.