மணத்தை வெறுக்கவும் வேண்டாம். மணத்தோடு நிறைவு கொள்ளவும் வேண்டாம்

அண்மையில் குருநகரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். தேத்தண்ணீர் தந்த தாய் தயக்கத்தோடு சொன்னார்: "சுவாமி, குறை நினைக்காதேங்கோ. பைப் தண்ணியில மருந்து மணக்குது. பிள்ளையளுக்குப் பக்கத்து வளவுக் கிணத்துத் தண்ணிதான் குடுக்கிறம்." அந்தக் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே சில அடி தூரமே இருந்தது.

நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்கும் இது பழக்கமான கதையே. மணமில்லாத நீர் நல்ல நீர் என்று நம்புகிறோம். 1854இல் லண்டனில் கொலரா பரவியபோது, ஒரு தெருப் பம்பியின் நீரே அதற்குக் காரணம் என மருத்துவர் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டினார். பலரும் விரும்பிக் குடித்த நீர் அது.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைச் சுண்ணாம்புக் கற்பாறையே தேக்கித் தருகிறது. பாறை வெடிப்புகளினூடாக மழைநீர் இறங்குவதுபோல மலக்குழியின் கழிவும் இறங்கும். வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் இவ்வழியாகவே வருகின்றன. குளோரீன் இக்கிருமிகளை அழிக்கிறது. அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதன்பின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருந்தால், குடத்தில் புதிதாகச் சேரும் கிருமியையும் அது தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. ஆகவே இலேசான மணம் அச்சத்துக்குரியதன்று. சுத்தமான பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் மணம் குறையும். பாத்திரத்தை மூடிவைக்க மறக்கக்கூடாது.

எனினும், குளோரீன் போட்டாயிற்று என்று அதிகாரிகளும் நாமும் கைகழுவிவிட முடியாது. அது உப்பை நீக்காது; எண்ணெயை நீக்காது. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையை நாம் அறிவோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவின்றி இடும் யூரியா நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் கலக்கிறது. அதையும் குளோரீன் நீக்காது. கொதிக்க வைத்தால் அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்தானது. கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளே நீண்டகாலம் நகரத்துக்கு நீர் வழங்கின. தோட்டத்தில் நாம் இட்டதை நகரத்துப் பிள்ளை குடித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் எமது வாசகர்களில் பலர் மீளத் திரும்புவது, பல்லாண்டு பாழடைந்து கிடந்த கிணற்றடிக்கே. கிணற்றை முழுமையாக இறைத்து, சேறு அகற்றி, அதன்பின்னரே குளோரீன் இட வேண்டும்; கலங்கல் நீரில் மருந்து வீணாகிவிடும். திறந்து கிடந்த குளோரீன் தூளும் வலுவிழந்திருக்கும். எனவே அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அறியுங்கள். புதிய மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து வளவு இடங்கொடுக்கும் மட்டும் விலக்கி அமையுங்கள்.

காணியை விடுவித்தால் போதாது. அக்காணியிலுள்ள கிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவை எமக்கு விளங்கும் தமிழில் எழுதித் தரவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதை ஒன்றுசேர்ந்து கேட்கட்டும். நல்ல நீர் எவரும் எமக்கு இடும் பிச்சையல்ல; அது எமது பிள்ளைகளின் உரிமை.