பேர் இருக்கட்டும், விலாசத்தை மட்டும் மாற்று!



"ரெக்கார்டு நோட்டு எழுதவே நேரமில்லை, இதுல இவன் வேற!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஐந்தே நிமிடம். ப்ராஜெக்ட் வைவாவிலும் கை கொடுக்கும் சமாச்சாரம் இது.

நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாம் கூப்பிடும் பேர் ஒன்று, ஐ.பி. என்கிற எண் விலாசம் இன்னொன்று. பேரைக் கொடுத்து எண்ணை வாங்குவதுதான் நேம் ரெசல்யூஷன். ஆர்பாநெட் காலத்தில் இதற்கு ஒரே ஒரு பட்டியல்தான். கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் காப்பி எடுத்துக்கொண்டார்கள். மெஷின்கள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஆனாலும் அந்தப் பழைய பட்டியலின் வாரிசு, 'ஹோஸ்ட்ஸ்' ஃபைல் என்ற பேரில் இன்றும் நம் மெஷின்களில் இருக்கிறது.

சரி, பிரச்சினை எங்கே? புது சர்வர் தயார். டி.என்.எஸ். இன்னும் பழைய சர்வரைத்தான் காட்டுகிறது. மாற்றுவதற்கு முன்னால் நம் ப்ரோக்ராமைப் புதியதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதல் வழி, பேரை அடித்துவிட்டு ஐ.பி. எண்ணை எழுதுவது. ஒரே எண்ணில் பத்து வெப்சைட் குடியிருக்கலாமே! பேர் சொல்லாமல் கதவைத் தட்டினால் எந்த வீட்டுக்காரர் வருவார்? மேலும் சர்வரின் சர்டிஃபிகேட்டில் இருப்பது பேர். எண்ணைச் சொன்னால் பொருந்தாது, எர்ரர் வரும்.

அந்த எர்ரரை மறைக்க இரண்டாவது வழி: சர்டிஃபிகேட் சோதனையையே அணைத்து விடுவது. பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்த கதை! அந்த ஒரு வரி அப்படியே நிஜ உபயோகத்துக்கும் போய்விட்டால், நடுவில் எவன் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டாலும் தெரியாது.

மூன்றாவது, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்ப்பது. பேர் கெடாது, உண்மைதான். ஆனால் அந்த மெஷினில் உள்ள எல்லா ப்ரோக்ராமுக்கும் அதே விலாசம் ஆகிவிடும். சேர்த்தவர் எடுக்க மறந்தால், அடுத்த பேட்ச் பையன் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டு இருப்பான்.

என் கருத்து இதுதான்: பேரை விடாதே, சோதனையை அணைக்காதே, விலாசத்தை மட்டும், உன் ப்ரோக்ராமுக்கு மட்டும், லைப்ரரியிலேயே மாற்று.

இதற்கு வசதி இல்லாமல் இல்லை. லிப்கர்ல் லைப்ரரியில் 2010 முதல் 'ரிசால்வ்' என்ற ஆப்ஷன் உண்டு. பேர், போர்ட், விலாசம் மூன்றையும் கொடுத்தால் போதும். இணைப்பு நாம் சொன்ன எண்ணுக்குப் போகும். சர்வரிடம் சொல்வதும் சர்டிஃபிகேட்டில் ஒப்பிடுவதும் பழைய பேரைத்தான். ஜாவாவில் 2022-ல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து நம் சொந்த ரிசால்வரையே பொருத்தலாம். பைத்தானில் சாக்கெட் மாட்யூலின் ஃபங்ஷனைப் பிடுங்கி நம்முடையதை வைக்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் ஓடுகிற ப்ரோக்ராம் முழுவதையும் பாதிக்கும். டெஸ்ட் முடிந்ததும் பழையதைத் திருப்பி வைப்பது நம் பொறுப்பு.

"விலாசத்தை நாமே மாற்றலாம் என்றால் ஏமாற்று வேலைக்கு வழியாகாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! டி.என்.எஸ். சொல்லும் பதிலிலும் விஷம் கலக்கலாம் என்று டான் காமின்ஸ்கி 2008-ல் உலகுக்கே காட்டினார். ஆகவே விலாசம் எங்கிருந்து வந்தாலும் நம்மைக் காப்பது பேரை வைத்துச் செய்யும் சர்டிஃபிகேட் சோதனைதான். அதனால்தான் அதில் கை வைக்காதே என்கிறேன்.

இன்னொன்று. இந்த மாற்றம் டெஸ்டோடு நிற்கட்டும். நிரந்தரமாக விட்டுவைத்தால், நாளை சர்வர் இடம் மாறும்போது நம் ப்ரோக்ராம் மட்டும் காலி வீட்டு வாசலில் நிற்கும். ஒரே பட்டியலை நம்பி அன்று பட்ட பாட்டை நாமே விலைக்கு வாங்குவானேன்?

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகப் போகிறோம். "எப்படியோ ஓடிச்சு" என்பவனுக்கும் "இதனால்தான் ஓடுகிறது" என்பவனுக்கும் வித்தியாசம் உண்டு, நண்பர்களே! நாம் இரண்டாமவராக இருப்போம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறியியல் துறை