யார் சொன்னது என்பது முக்கியம்

தீவிரவாத வலைப்பின்னல் ஆய்வில் தகவல்தான் முக்கியம், யாரிடமிருந்து எடுத்தால் என்ன என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஏற்கவே முடியாது. 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட இராக் உளவமைப்பு பற்றிய ஆவணத்தைப் பாருங்கள். ஆய்வாளர் இப்ராஹிம் அல்-மராஷியின் கட்டுரையை, இடம் தப்பிய காற்புள்ளி உட்பட, பெயர் சொல்லாமல் பெரும்பாலும் அப்படியே அள்ளியிருந்தார்கள். ‘எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவி’ என்று அவர் எழுதியது ‘பயங்கரவாத அமைப்புகளுக்கு ஆதரவு’ ஆனது. அவர் நம்பியிருந்த இராக்கிய ஆவணங்களோ 1991 காலத்தவை. ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தால் இரண்டும் அன்றே அம்பலமாகியிருக்கும். ஐ.நா.வில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அந்த ஆவணத்தைப் பாராட்டினார். அடுத்த மாதம் இராக் போர். ரகசிய அமைப்பை எவரும் நேரில் போய்ச் சரிபார்க்க முடியாது. மூலத்தையும் மறைத்துவிட்டால் வாசகர் எதை வைத்துச் சோதிப்பார்?